விரையும் இதயமும் ஒரு வர்க்கமூலமும்

(ஜார்ஜ் டவுனில் ஆற்றிய பொதுச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



பினாங்கில் உடல் பரிசோதனை இப்போது பெரிய வியாபாரம். மேடானிலிருந்து காலை விமானத்தில் வந்து இறங்கி, இரத்தம், எக்ஸ்ரே, இசிஜி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடித்துக்கொண்டு போகும் இந்தோனேசியக் குடும்பங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நம் வீட்டுப் பெரியவர்களும் அதே வரிசையில்தான் உட்காருகிறார்கள். கடைசியில் கையில் இளஞ்சிவப்புக் கட்டம் போட்ட ஒரு தாள் வரும். அதன் மேல்மூலையில் இயந்திரமே அச்சடித்த சில எண்கள் இருக்கும். நாடி 100, கியூடி 360, கியூடிசி 465 என்பது போல. சில இயந்திரங்கள் பக்கத்தில் 'நீண்டுள்ளது' என்று ஒரு வார்த்தையையும் சேர்த்துவிடும். அப்புறம் என்ன, வீட்டுக்குப் போய் ஆளாளுக்குக் கைபேசியில் தேடுவார்கள். 'திடீர் மரணம்' என்ற சொல் இரண்டாவது வரியிலேயே வந்து நிற்கும்.

நான் சொன்ன அந்த எண்களில் 360 என்பது தாளில் அளந்தது. 465 கணக்குப் போட்டு வந்தது. அந்தக் கணக்குக்கு ஒரு சூத்திரம் உண்டு, அந்தச் சூத்திரத்துக்கு நூறு வயது தாண்டிவிட்டது, அதற்கு ஒரு பலவீனமும் உண்டு. அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

முதலில் அளப்பது எதை என்று பார்ப்போம். இசிஜி தாள் விநாடிக்கு 25 மில்லிமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. ஒரு சிறு கட்டம் 40 மில்லி விநாடி, ஐந்து சிறு கட்டம் சேர்ந்த பெரிய கட்டம் 200. அதில் வரும் மேடு பள்ளங்களுக்கு பி, கியூ, ஆர், எஸ், டி என்று பெயர் வைத்தவர் ஐந்தோவன். ஹாலந்துக்காரர் என்று பாடப்புத்தகம் சொல்லும். ஆனால் அவர் 1860-இல் பிறந்தது ஜாவாவில், செமாராங் நகரில். நமக்கு அக்கம்பக்கத்து ஆள் என்று நான் உரிமை கொண்டாடுவது வழக்கம். 1924-இல் நோபல் பரிசு வாங்கினார்.

கியூ தொடங்கும் இடத்திலிருந்து டி முடியும் இடம் வரை உள்ள நேரம்தான் கியூடி. இதயத்தின் கீழறைகள் மின்னூட்டம் பெற்றுச் சுருங்கி, மறுபடி பழைய மின்நிலைக்குத் திரும்ப எடுத்துக்கொள்ளும் நேரம் இது. இதில் பெரும்பங்கு அந்தத் திரும்புதலுக்குத்தான் போகிறது. செல்லுக்குள் இருக்கும் பொட்டாசியம் நுண்ணிய வாய்கள் வழியாக வெளியேறினால்தான் திரும்புதல் நடக்கும். ஒரு மருந்து அந்த வாய்களை அடைத்தால் திரும்புதல் தாமதமாகும், கியூடி நீளும். முழுதும் திரும்பாத நிலையில் அடுத்த தூண்டல் வந்து விழுந்தால் இதயம் முறுக்கிக்கொண்டு துடிக்கும். அலைகள் கயிறு திரித்தது போல வருவதைப் பாரிஸில் டெசெர்ட்டென் என்ற மருத்துவர் 1966-இல் விவரித்தார். தானாக நின்றால் மயக்கத்தோடு போகும். நிற்காவிட்டால் உயிர் போகும். ஆகவே இந்த அளவைப் பார்க்க வேண்டியது அவசியம். அதில் எனக்குக் கருத்து வேறுபாடே இல்லை.

சரி, அளப்பது எளிதா? ஆர் முனை ஊசி போல நிற்கும், யாரும் தவறவிட முடியாது. கியூ தொடங்கும் இடமும் ஓரளவு தெளிவு. டி முடியும் இடம்தான் தொல்லை. அது சட்டென்று நிற்காது, சரிந்து சரிந்து அடிக்கோட்டில் கரையும். சிலருக்கு அதன் வாலில் யூ என்று இன்னொரு சிறு மேடு ஒட்டிக்கொண்டிருக்கும். அதனால் டி இறங்கும் பக்கத்தின் மிகச் செங்குத்தான இடத்தில் அளவுகோலை வைத்து நேர்கோடு இழுத்து, அது அடிக்கோட்டை வெட்டும் புள்ளியை முடிவு என்று கொள்வார்கள். அரைக் கட்டம் தள்ளி வைத்தால் 20 மில்லி விநாடி போச்சு. நாடி வேகமாக இருந்தால் இன்னும் சிக்கல். டி முடிவதற்குள் அடுத்த பி வந்து மேலே ஏறி உட்கார்ந்துகொள்ளும். எனக்குப் பயிற்சி தந்தவர்கள் இயந்திரம் சொல்லும் எண்ணை மறைத்து வைத்துவிட்டு, முதலில் நீயே அளந்து சொல் என்பார்கள். நல்ல பழக்கம். இன்றைய பிள்ளைகளிடம் அது குறைந்துவருகிறது.

இப்போது நாடிக்கு வருவோம். நிமிடத்துக்கு 60 துடிப்பு என்றால் ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே 1000 மில்லி விநாடி. அதில் கியூடி ஏறக்குறைய 400 என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி 600-இல் இதயம் ஓய்ந்து, இரத்தத்தை நிரப்பிக்கொள்கிறது. நாடி 120 ஆனால் இடைவெளி 500. கியூடி அப்போதும் 400 என்றே நின்றால் இரத்தம் நிரம்ப 100 மில்லி விநாடிதான் மிஞ்சும், ஆள் சரிந்துவிடுவார். ஆகவே இதயம் வேகமெடுக்கும்போது மீள்வதையும் சுருக்கிக்கொள்கிறது. இது இயற்கையின் ஏற்பாடு.

ஆனால் எவ்வளவு சுருக்கிக்கொள்கிறது? இடைவெளி பாதியானால் கியூடியும் பாதியாகுமா? ஆகாது. நம் பட்டர்வொர்த் ஃபெர்ரியை நினைத்துக்கொள்ளுங்கள். கூட்ட நாளில் பயணங்களை இரட்டிப்பாக்கினால், துறையில் நிற்கும் நேரத்தைக் குறைப்பார்கள். ஆனால் ஆட்கள் இறங்கி ஏறும் நேரத்தை ஓரளவுக்கு மேல் பிழிய முடியாது. இதயத்திலும் ஓய்வுதான் அதிகம் வெட்டுப்படுகிறது, மீள்வது கொஞ்சம்தான் சுருங்குகிறது.

அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்பதற்கு 1920-இல் இரண்டு பேர் விடை சொன்னார்கள். இங்கிலாந்தில் ஹென்றி கத்பர்ட் பாசெட், கோப்பன்ஹேகனில் லூயி சிகுர்ட் ஃபிரிடெரிசியா. பாசெட் ஆராய்ந்தது ஆரோக்கியமான 39 இளைஞர்களின் பதிவுகளை. கியூடி, துடிப்பு இடைவெளியின் வர்க்கமூலத்தோடு நகர்கிறது என்றார். ஃபிரிடெரிசியா 50 பேரைப் பார்த்துவிட்டு, கனமூலத்தோடு நகர்கிறது என்றார். ஆளுக்கு ஒரு வகுப்பறை அளவு மனிதர்கள், அவ்வளவுதான். அதை வைத்துத்தான் உலகம் இன்றும் ஓடுகிறது. அந்தக் காலத்தில் கருவி அறையை அடைத்துக்கொண்டு நிற்கும், ஒரு பதிவு எடுப்பதே பெரும்பாடு. குறை சொல்ல மாட்டேன்.

பாசெட் கேட்ட கேள்வி, இந்த நாடிக்கு எவ்வளவு கியூடியை எதிர்பார்க்கலாம் என்பது. 1947-இல் டாரன், சிலாகி என்ற இருவர், வாதக் காய்ச்சலால் இதயம் பாதித்த குழந்தைகளைப் பற்றி எழுதியபோது அந்தச் சமன்பாட்டைத் திருப்பிப் போட்டார்கள். அளந்த கியூடியை இடைவெளியின் வர்க்கமூலத்தால் வகுத்தால், நாடி 60 ஆக இருந்திருந்தால் என்ன வந்திருக்கும் என்ற எண் கிடைக்கும். அதுதான் கியூடிசி. பாசெட்டின் பெயரால் இன்று இயந்திரம் அச்சடிப்பது இந்தத் திருப்பிப் போட்ட கணக்கைத்தான்.

தொல்லை எங்கே வருகிறது என்றால், வர்க்கமூலம் இதயத்திடம் அளவுக்கு மீறி எதிர்பார்க்கிறது. நாடி 60-இல் 400 இருந்த கியூடி, 120-இல் 283 ஆகிவிட வேண்டும் என்கிறது பாசெட் கணக்கு. கனமூலக் கணக்கு 317 போதும் என்கிறது. பெரும்பாலான மனிதர்களின் இதயம் இரண்டாவதற்குத்தான் பக்கத்தில் நிற்கிறது. ஆகவே ஆரோக்கியமான ஒருவர் வேகத் துடிப்போடு 317 காட்டினால், '283 வந்திருக்க வேண்டுமே, 34 அதிகமாக இருக்கிறதே' என்று பாசெட் சூத்திரம் குற்றம் சாட்டும். நான் தொடக்கத்தில் சொன்ன தாளையே எடுங்கள். நாடி 100, கியூடி 360. பாசெட் படி 465. ஃபிரிடெரிசியா படி 427. அமெரிக்க இதய அமைப்புகள் 2009-இல் வெளியிட்ட பரிந்துரையில் ஆண்களுக்கு 450, பெண்களுக்கு 460 என்று எல்லை வைத்தார்கள். ஒரே தாள், ஒரே இதயம். ஒரு சூத்திரத்தில் அவர் நோயாளி, இன்னொன்றில் சாதாரண மனிதர்.

வேறு சூத்திரங்களும் உண்டு. 1992-இல் ஃபிரேமிங்ஹாம் என்ற அமெரிக்க இதய ஆய்வு 5,018 பேரின் பதிவுகளை வைத்து வர்க்கமூலம், கனமூலம் எதுவும் வேண்டாம், நேர்கோடு போதும் என்றது. அதன்படி மேற்சொன்ன தாளில் 422 வரும். மேலே சொன்ன 2009 பரிந்துரையும் பாசெட்டை விட்டுவிட்டு இப்படிப்பட்ட நேர்கோட்டுக் கணக்குக்கு மாறச் சொன்னது. பெல்ஜியத்தின் லூவன் நகரில் 6,609 நோயாளிகளை வைத்து 2016-இல் வந்த ஆய்வும் ஃபிரிடெரிசியா, ஃபிரேமிங்ஹாம் இரண்டையுமே மேல் என்றது. இத்தனைக்குப் பிறகும் பல இயந்திரங்கள் பெட்டியிலிருந்து எடுக்கும்போதே பாசெட்டோடு வருகின்றன. யாரும் அமைப்பை மாற்றுவதில்லை. காரணம் கேட்டால் பழக்கம் என்பார்கள். 450, 460 என்ற எல்லைகள் எல்லாம் மருத்துவர் மனதில் பாசெட்டோடு ஒட்டிக்கிடக்கின்றன என்பதும் உண்மை. நூறாண்டுப் பழக்கத்தை ஒரு பரிந்துரை அசைத்துவிடாது.

இதனால் என்ன நஷ்டம், வீணாகப் பயந்தால் பயந்துவிட்டுப் போகட்டும், பாதுகாப்புத்தானே என்று சிலர் கேட்பார்கள். பயம் மட்டும் என்றால் நானும் விட்டுவிடுவேன். இந்தச் சூத்திரம் ஆபத்தை மறைக்கவும் செய்யும். அதற்கு மலேரியாவைவிடத் தெளிவான உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

நம் தோட்டங்களில் மலேரியா எத்தனை தமிழர்களைக் கொண்டுபோனது என்று பாட்டன்மார் வாய்மொழியாகவே கேட்டிருக்கிறோம். இன்று மலேசியாவில் மனித மலேரியா 2018 முதல் உள்ளூரில் தொற்றவில்லை. குரங்கிலிருந்து வரும் நோலெசி வகை மட்டும், பெரும்பாலும் சாபா, சரவாக் பக்கம், நிற்கிறது. கொய்னா குடும்பத்து மருந்துகள் பலவும் கியூடியை நீட்டக்கூடியவை. ஹாலோஃபான்ட்ரின் என்ற மலேரியா மருந்து கியூடியை மோசமாக நீட்டுகிறது என்று தாய்லாந்து-பர்மா எல்லையில் பணியாற்றிய நோஸ்டன், ஒயிட் குழுவினர் 1993-இல் லான்செட் இதழில் காட்டினார்கள். அந்த மருந்தின் பெயரையே இன்று யாரும் எடுப்பதில்லை.

இப்போது ஒரு நோயாளியைக் கற்பனை செய்வோம். எண்கள் என்னுடையவை, கணக்குக்காக. முதல் நாள் கடும் காய்ச்சல், நாடி 120, கியூடி 320. மாத்திரை கொடுக்கிறோம். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டுவிட்டது, நாடி 75, கியூடி 400. மருந்து கியூடியை நீட்டியதா? பாசெட் கணக்கில் முதல் நாள் 453, மூன்றாம் நாள் 447. அடடா, ஆறு குறைந்திருக்கிறதே, நல்ல மருந்து! ஃபிரிடெரிசியா கணக்கில் முதல் நாள் 403, மூன்றாம் நாள் 431. அதாவது 28 கூடியிருக்கிறது. 28 என்பது ஒரு மருந்து ஆய்வில் சங்கு ஊதும் அளவு. 2005-இல் வந்த சர்வதேச மருந்து நெறிமுறை, புதிய மருந்து சராசரியாக 5 மில்லி விநாடி நீட்டினாலே கவனிக்கச் சொல்கிறது. காய்ச்சல் நேரத்து வேகத் துடிப்பு தொடக்க எண்ணைப் பொய்யாக உயர்த்திவிட்டது. பின்னால் வந்த உண்மையான நீட்சி அதன் நிழலில் ஒளிந்துகொண்டது. 2020-இல் கோவிட் காய்ச்சலுக்கு ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் கொடுத்துக்கொண்டிருந்த மாதங்களில் உலகெங்கும் வார்டுகளில் இதே கணக்குத்தான் ஓடியது.

மெதுவான நாடியிலும் கதை இதுவே, தலைகீழாக. இரத்த அழுத்தத்துக்கு அட்டெனொலால், பைசொப்ரொலால் சாப்பிடும் பெரியவர்கள் இந்த மண்டபத்திலேயே பலர் இருப்பீர்கள். நாடி 50 என்றால் இடைவெளி 1.2 விநாடி. கியூடி 490 என்று அளந்தால் பாசெட் 447 என்று சொல்லி எல்லைக்குள் நிறுத்திவிடும். ஃபிரிடெரிசியா 461 என்று கைதூக்கும். வேகத்தில் மிகைப்படுத்துவதும் மெதுவில் அடக்கி வாசிப்பதும் ஒரே குறையின் இரு பக்கங்கள். நாடி 60-க்கும் 80-க்கும் இடையில் இருந்தால் எந்தச் சூத்திரமும் பெரிதாக வம்பு செய்யாது.

இன்னொரு சங்கதி. நாடி மாறியவுடன் கியூடி மாறிவிடாது. தண்ணீர்மலை பாலதண்டாயுதபாணி கோயிலின் ஐந்நூற்றுச் சொச்சம் படிகளை ஏறிப் பாருங்கள். நாடி உடனே எகிறும். மேலே உட்கார்ந்தால் ஒன்றிரண்டு நிமிடத்தில் நன்றாகவே இறங்கும். கியூடி இதன் பின்னால் இழுத்து இழுத்து வரும், புது வேகத்துக்குப் பெரும்பாலும் பழகவே இரண்டு மூன்று நிமிடம் பிடிக்கும். நாடி இறங்கிக்கொண்டிருக்கும் அந்த இடைவேளையில் இசிஜி எடுத்தால், தாளில் இருக்கும் நாடி இந்த நிமிடத்தது, கியூடி போன நிமிடத்தது. எந்தச் சூத்திரத்தில் போட்டாலும் விடை தவறு. அதனால்தான் நல்ல தாதி உங்களைப் படுக்கவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் போக்குக் காட்டுவார், ஊர்க்கதை பேசுவார். நேரத்தை வீணாக்குகிறார் என்று முறைக்காதீர்கள். கார் நிறுத்த இடம் கிடைக்காமல் மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு, மாடிப்படி ஏறி ஓடிவந்து, அப்படியே கட்டிலில் விழுகிறவர்களுக்கு வரும் கியூடிசியை நான் நம்புவதில்லை.

ஆளுக்கு ஆள் இந்த உறவு வேறு என்பதையும் லண்டனில் மாலிக் குழுவினர் 2002-இல் காட்டினார்கள். ஒரே மனிதரிடம் நாளுக்கு நாள் பெரிதாக மாறுவதில்லை, ஆனால் இரு மனிதர்களிடம் ஒன்றாக இருப்பதில்லை. அப்படிப் பார்த்தால் எல்லோருக்கும் பொருந்தும் சூத்திரம் ஒன்று இருக்கவே முடியாது. உங்களுடைய பழைய இசிஜி தாள்தான் உங்களுக்கு மிகப் பொருத்தமான ஒப்பீடு. அதைத் தூக்கிப் போடாதீர்கள்.

இனி நம் மாநிலத்துச் சமாச்சாரத்துக்கு வருகிறேன். கெத்தும் இலை. கெடா, பெர்லிஸ், செபராங் பிறைப் பக்கம் இதை அறியாதவர் இல்லை. இலையைக் கொதிக்கவைத்த கசப்பு நீரை, வெயிலில் உழைக்கிறவர்கள் களைப்புத் தெரியாமல் இருக்கக் குடிப்பார்கள். 1952-ஆம் ஆண்டு நச்சுப் பொருள் சட்டத்தின் கீழ் இது கட்டுப்பாட்டில் இருக்கிறது. இலையின் முக்கியப் பொருள் மித்ராகைனின். அது இதயச் செல்களின் பொட்டாசியம் வாய்களை அடைக்கக்கூடியது என்று ஆய்வுக்கூடத்தில் காட்டியவர்களில் இங்கே உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்களும் உண்டு. அப்படியானால் குடிக்கிறவர்களின் கியூடி நீண்டிருக்க வேண்டுமே?

அதே பல்கலைக்கழகத்தின் குழு ஒன்று வழக்கமாகக் குடிக்கும் 100 பேரையும் குடிக்காத 100 பேரையும் இசிஜி எடுத்துப் பார்த்தது. 2021-இல் வெளிவந்தது. ஏதாவது ஒரு வகை இசிஜி கோளாறு குடிப்பவர்களில் 28 விழுக்காடு, குடிக்காதவர்களில் 32. வித்தியாசம் இல்லை. எல்லையைத் தாண்டி நீண்ட கியூடிசியிலும் வித்தியாசம் இல்லை. இரண்டு விஷயங்களில்தான் குடிப்பவர்கள் தனித்து நின்றார்கள். ஒன்று, வேகமான நாடி அவர்களிடம் அதிகம். மற்றது, எல்லையோரக் கியூடிசி அவர்களிடம் அதிகம்.

இவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டிருந்த உங்களுக்கு இப்போது காது நிமிர்ந்திருக்கும். வேகமான நாடியும் எல்லையோரக் கியூடிசியும் ஒரே கூட்டத்தில் சேர்ந்து வருகின்றன. ஒரு கணக்குப் போடுவோம். நாடி 95, கியூடி 350 உள்ள ஓர் ஆண். பாசெட் படி 440, அதாவது 430-க்கும் 450-க்கும் இடைப்பட்ட எல்லையோரம். ஃபிரிடெரிசியா படி 408, சுத்தமான சாதாரணம். இலை அவருடைய பொட்டாசியம் வாய்களைத் தொடாமல் நாடியை மட்டும் தூக்கிவிட்டிருந்தாலே போதும், பாசெட் அவரை எல்லையோரத்தில் நிறுத்திவிடும். அந்த ஆய்வு தவறு என்று நான் சொல்ல வரவில்லை. ஆய்வுக்கூடச் சான்று இருக்கும்போது உண்மையான நீட்சி கொஞ்சம் இருக்கவும் வாய்ப்புண்டு. நாடியைத் தூக்கும் எந்தப் பொருளைப் பற்றியும் 'கியூடிசி கூடியது' என்று படித்தால், எந்தச் சூத்திரம் என்று முதலில் தேடுவது என் வழக்கம். கெத்தும் விஷயத்தில் அது இரட்டிப்பாகத் தேவை. ஏனென்றால் நம்மூரில் இந்த இலையைப் பற்றிப் பேசுகிறவர்கள் இரண்டே வகை: மூலிகை என்று கும்பிடுகிறவர்கள், விஷம் என்று திட்டுகிறவர்கள். இருவருமே தங்களுக்கு வேண்டிய எண்ணைத்தான் பொறுக்கிக்கொள்வார்கள்.

கிளினிக்கில் இப்படி ஒருவர் வந்தால் என்ன செய்வது என்று இளைய மருத்துவர்கள் கேட்கிறார்கள். கட்டுமானத் தளத்திலிருந்து நேராக வந்திருக்கிறார், நாடி 98, இயந்திரம் 448 என்கிறது. அவரைப் படுக்கவைத்து, தண்ணீர் கொடுத்து, நாடி இறங்கியபின் இன்னொரு பதிவு எடுங்கள். தாளின் இரண்டாம் தடத்தில் (லீட் II) டி முடிவை நீங்களே கோடு இழுத்து அளந்து, ஃபிரிடெரிசியாவில் போடுங்கள். தாளில் நாடியையும் சூத்திரத்தின் பெயரையும் கையால் எழுதிவையுங்கள், அடுத்த முறை பார்ப்பவருக்கு உதவும். துடிப்பு தாறுமாறாக இருந்தால் ஒரு துடிப்பை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். பிறகு அவரோடு பேசுங்கள். எதைக் குடிக்கிறார், எதோடு கலந்து குடிக்கிறார் என்று. கெத்தும் நீரில் இருமல் மருந்தைக் கலக்கும் பழக்கம் உண்டு. வயிற்றுப்போக்கு இருந்ததா, எரித்ரோமைசின் போல ஆன்டிபயாடிக் எதுவும் சாப்பிடுகிறாரா, குடும்பத்தில் சின்ன வயதில் யாராவது மயங்கி விழுந்து இறந்தார்களா என்று கேளுங்கள். பொட்டாசியத்துக்கு இரத்தம் எடுங்கள். எந்தச் சூத்திரத்தில் போட்டாலும் 500-ஐத் தாண்டினால் இந்தச் சர்ச்சையெல்லாம் பிறகு, ஆளை வீட்டுக்கு அனுப்பாதீர்கள். போலீசில் பிடித்துக் கொடுத்துவிடுவார்களோ என்ற பயத்தில் அவர் பாதியைத்தான் சொல்வார். மீதியை வாங்குவது உங்கள் சாமர்த்தியம்.